மூன்று பிடி மண்ணின் சத்தம்

முதலில் அதைப் பாட்டு என்று யாரும் என்னிடம் கொண்டுவரவில்லை. பழுது என்றுதான் கொண்டுவந்தார்கள்.

கல்முனைக்குத் தெற்கே, பிரதான வீதியோரம், என் வீட்டு முன்னறைதான் என் கடை. பள்ளிவாசல், கல்யாண மண்டபம், ஓட்டோ என்று எங்கெல்லாம் ஸ்பீக்கர் சத்தம் போடுகிறதோ அங்கெல்லாம் பழுது வந்தால் என்னிடம்தான் வரும். இருபத்தைந்து வருடமாக இதுதான் வேலை. இது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் மடையன் என்று என் மனைவி சொல்வாள். அதில் பெரிய பொய் இல்லை.

எங்கள் சந்தியில் ஓட்டோ ஓடுகிற ஒருவன் ஒரு நாள் காலையில் வந்து நின்றான். வாய் ஓயாதவன். மனைவிக்கு வாங்கிக் கொடுக்காத சாமானெல்லாம் தன் ஓட்டோவுக்கு வாங்கிப் பூட்டியிருப்பான். பின் சீற்றுக்குப் பின்னால் மட்டும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்.

"காக்கா, ரெண்டு ஸ்பீக்கரும் செத்துட்டு. ம்ம்ம் எண்டு இரைச்சல்தான் வருது. மறுகா டொக்கு டொக்கெண்டு என்னமோ விழுகுது" என்றான். எங்கள் பக்கம் அண்ணன்மாரைக் காக்கா என்போம்.

கழற்றினேன். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. வயரை மாற்றினேன். பற்றரியைப் பார்த்தேன். வேறு ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தேன். அதே இரைச்சல். லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து மறுபடியும் குந்தினேன். கடைசியில் அவனுடைய போனில் அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கியது. கண்ணாடி மாதிரிச் சுத்தமாக வந்தது.

"அடேய் நாசமாப் போனவனே! பழுது ஸ்பீக்கர்ல இல்லடா. நீ போட்ட பாட்டே அப்படித்தான்டா!"

"இது பாட்டா காக்கா? கத்தார்ல இரிக்கிற மச்சான் அனுப்பினது. அவன்ட ரூம்ல இரிக்கிற பிலிப்பீன்காரன் விடிய விடிய இதத்தான் கேக்கிறானாம். நல்ல சாமான் எண்டு நெனச்சி ஏத்தின."

அந்தக் கிழமையே இன்னும் இரண்டு பேர் இதே முறைப்பாட்டோடு வந்தார்கள். ஸ்பீக்கரில் இரைச்சல், டொக்கு டொக்கு. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஏசி அனுப்பிவிட்டேன். எங்கள் ஊரில் அந்த இசையை முதன்முதல் கேட்டவர்கள் இப்படித்தான் கேட்டார்கள். உலகத்தில் வேறெங்கோ ஆட்கள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் ஸ்பீக்கரைக் கழற்றினோம்.

மூன்றாவது ஆள் போன பிறகு எனக்கு ஒரு குறுகுறுப்பு. ஓட்டோக்காரனிடம் அதை வாங்கி, கடையின் நல்ல ஹெட்போனைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

அந்த இரைச்சலை எனக்குத் தெரியும். அதைப் பெற்றவனே நான்தான்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். ஒவ்வொரு அம்ப்ளிபயருக்கும் ஓர் இரைச்சல் உண்டு. மைக் திறந்திருக்கும்போது, யாரும் பேசாதபோது, அடியில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. எங்கள் ஊரின் பள்ளிவாசல் ஒன்றில் இருக்கும் அம்ப்ளிபயரை நான் பழுதுபார்த்தபோது எர்த் வயரைச் சரியாகக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். நோன்பு முடிய வந்து செய்து தருகிறேன் என்றேன். எத்தனையோ நோன்பு போய்விட்டது. அந்தச் சோம்பேறித்தனத்தின் சத்தம்தான் கத்தாரில் ஒரு பிலிப்பீன்காரனின் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இரைச்சல் எந்த நாளில் எடுத்தது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டின் முடிவில் 'டிக்' என்று ஒரு சத்தம். மைக்கின் சுவிட்சை அணைக்கிற சத்தம். அணைத்தது என் விரல்.

கொரோனாவில் மௌத்தானவர்கள் எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன மாதங்கள் அவை. எங்கள் ஆட்களுக்கு மையத்தை, இறந்த உடலை, எரிப்பது என்றால் என்ன என்று நான் யாருக்கும் எழுதி விளங்கப்படுத்த முடியாது. ஒரு மௌத்து விழுந்தால் பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பார்கள். இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இன்னாருடைய தகப்பன் மௌத்தாகிவிட்டார் என்று சொல்லி, கடைசியில் ஜனாஸா இத்தனை மணிக்கு இந்த மையவாடியில் அடக்கம் செய்யப்படும் என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி வசனத்துக்குத்தான் ஊர் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். கடையைப் பூட்டுவதா, தோணியை இழுப்பதா, வேலைக்கு லீவு சொல்வதா எல்லாம் அதை வைத்துத்தான்.

அன்றைக்குக் காலை பதினொரு மணியிருக்கும். பள்ளிக்குப் பக்கத்துக் குறுகிய ஒழுங்கைத் தெருவில் இருந்த ஒருவர், கொரோனா சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர், மௌத்தாகிவிட்டார் என்று பாங்கு சொல்கிற மோதினார் அறிவித்தார். பெயர் சொன்னார். மகன், கணவர், தகப்பன் எல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வெறும் இரைச்சல். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். என் போன் அடிக்கத் தொடங்கியது.

"காக்கா, மைக் அறுந்திட்டு. அடக்கம் எத்தின மணிக்கெண்டு கேக்கல்ல. கொஞ்சம் போய்ப் பாருங்க."

நாலு பேர் எடுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பள்ளிக்குள்ளே மோதினார் மைக்கைப் பிடித்தபடி கீழே குந்தியிருந்தார். அம்ப்ளிபயரில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. மைக்குக்கு ஒன்றுமே இல்லை. மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிப்போயிருந்தது. சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துக் கேட்டார்.

"எத்தின மணிக்கெண்டு சொல்ற நான்?"

கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தேன். அந்த 'டிக்' ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். அதை யாரோ பதிந்து வைத்திருந்திருக்கிறார்கள். பதிந்து, இசையாகச் செய்து, உலகத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

ஆளை இணையத்தில் தேடினேன். பெயர் போடுகிற இடத்தில் ஒரு புள்ளி. படம் இல்லை, ஊர் இல்லை, ஒரு சொல் இல்லை. கணினியில் செய்த ஒன்பது இசைத் துண்டுகள். அடியில் எனக்கு வாசிக்கத் தெரியாத மொழிகளிலெல்லாம் ஆட்கள் எழுதியிருந்தார்கள். ஓட்டோக்காரன் அவனுக்குப் புள்ளிக்காரன் என்று பெயர் வைத்தான். ஆண்பிள்ளை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்துப்போயிற்று. பாட்டு என்றால் கல்யாண மண்டபத்தில் காது கிழிகிற சாமானைத்தான் அதுவரை அறிந்திருந்தேன். இதில் முதல் இரண்டு நிமிடம் என் இரைச்சல் மட்டும்தான். பிறகு அது இரண்டாகப் பிரியும். ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வயிற்றுக்குள் அதிரும். அதற்குப் பிறகுதான் அந்த டொக்கு. மூன்று தரம் விழும், நிற்கும். மூன்று தரம் விழும், நிற்கும்.

அது என்ன என்று ஓட்டோக்காரன்தான் முதலில் சொன்னான். என் கடை வாசலில் நின்று, என் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று அதைக் கழற்றினான்.

"காக்கா, மூணு பிடி மண் காக்கா."

எங்களில் ஒருவரை அடக்கினால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் கபுறில் மூன்று பிடி மண் அள்ளிப் போடுவார்கள். அவ்வளவுதான். அவன் அழுதான். அவனுடைய பெரியம்மாவையும் அப்படித்தான் எரித்தார்கள்.

அதற்குப் பிறகு அது பரவிற்று. பழுது என்று அல்ல, இசை என்று. ஓட்டோக்காரன் போனில் ஒரு குழு திறந்தான். அதில் மையத்தை எரிக்கக் கொடுத்த வீட்டு ஆட்கள் இருந்தார்கள், எரிக்காத வீட்டு ஆட்களும் இருந்தார்கள். கல்முனைத் தமிழ்ப் பக்கத்திலிருந்து முஸ்லிம் அல்லாத ஓர் ஆசிரியரும் சேர்ந்தார். இறக்காமத்தில் வயலுக்குக் காவல் இருக்கிற ஒருவர், அதைப் போட்டால் யானை வருகிற பக்கம் பயம் குறைகிறது என்று குரல் அனுப்பினார். சிரித்தோம். ஆனால் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். யாரவன்? எங்கட ஊரா?

இங்கேதான் என் மூக்கு வியர்த்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை காதால் பழுது கண்டுபிடிப்பது. அதை வைத்து நான் அந்தத் துண்டை இருபது முப்பது தரம் கேட்டேன். இரைச்சலோடு சேர்ந்து தகரம் மெல்ல அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் இருந்தது. அந்தப் பள்ளியில் நாலு ஹோன் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். அதில் ஒன்றின் விளிம்பு மட்டும் மாடியின் இரும்புக் கம்பியில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஹோன் பார்க்கிற பக்கம் ஓர் ஒழுங்கை. அந்த அதிர்வு அந்த ஒழுங்கைக்குள் நின்றால்தான் கேட்கும். அதற்குள் ஐந்து வீடு.

இரண்டாவது, மண் விழுகிற சத்தம். அது பிழையாக இருந்தது. எங்கள் மையவாடி கடற்கரை மணல். கபுறில் பலகை வைத்து, பாய் போட்டு மூடி, அதற்கு மேல் மண் விழும்போது டொக்கு என்று வராது. சர்ர் என்று, அமுங்கிப்போய் வரும். நான் எத்தனை கபுறில் நின்றிருக்கிறேன்! இதில் கேட்டது ஈர மண்ணைத் தாம்பாளத்திலோ தகரத்திலோ போட்ட சத்தம். அடக்கத்துக்கு ஒருநாளும் போகாத ஒருவர், அது இப்படித்தான் கேட்கும் என்று நினைத்துச் செய்த சத்தம். எங்கள் ஊரில் மையவாடிக்குப் போகாதவர்கள் பெண்கள்தான்.

ஐந்து வீட்டில் ஒரு வீட்டில் மட்டும்தான் மௌத்து விழுந்தது. அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை. இதை நினைத்த மறுநிமிடமே அவள் என் கடைக்கு வந்தது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தகப்பன் மௌத்தாகிச் சில மாதம் இருக்கும். ஒரு வயர் வாங்க வந்தவள் கேட்டாள்.

"காக்கா, ஒரு பதிவுல இரைச்சல மட்டும் வெச்சிட்டு மத்தத எடுக்க ஏலுமா?"

"இரைச்சல எடுக்கத்தான் புள்ள எல்லாரும் வாற. நீ என்ன, இரைச்சல வெக்கச் சொல்றாய்? விசரா?"

"ஓம், கொஞ்சம் விசர்தான்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மற்றது என்று அவள் சொன்னது மோதினாரின் குரல். தகப்பனின் பெயர். அதைத் தொடாமல் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வந்த வெறும் இரைச்சலை மட்டும்தான் இசைக்குப் பாவித்திருக்கிறாள். ஒன்பது துண்டிலும் ஓர் இடத்தில்கூட அறிவித்தலின் ஓர் எழுத்துக் கிடையாது. நான்தான் ஒன்பதையும் முழுக்கக் கேட்டவன்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் கல்யாணமாகாத ஒரு குமர்ப்பிள்ளை இசை செய்கிறாள், அதுவும் மௌத்தை வைத்துச் செய்கிறாள் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் ஒரு புள்ளிக்குப் பின்னால் நின்றதும் அதற்காகத்தான். ஆனால் என் வாய் இருக்கிறதே, அது எனக்குச் சொந்தமானதல்ல.

ஓட்டோ ஸ்டாண்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஓட்டோக்காரன் மற்றவர்களோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தான். புள்ளிக்காரன் மருதமுனைப் பக்கத்து ஆள் என்று ஒருவன். இல்லை, கொழும்பில் படிக்கிற பொடியன் என்று இன்னொருவன். எனக்குப் பொறுக்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"உங்களுக்கெல்லாம் காது எதுக்குடா இரிக்கி? அது எங்கட பள்ளி மைக். நான் கட்டின ஹோன். பதிஞ்ச இடம் பள்ளிக்குப் பக்கத்து ஒழுங்கை. ரெண்டாவது, அது ஆம்புள இல்ல. ஆம்புள எண்டா மண் விழுற சத்தம் தெரிஞ்சிரிக்கும். பொம்புளப்புள்ளட வேலை அது."

எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அல்லாஹ் மேல் ஆணையாக, அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"ஆரு காக்கா? ஆரு?" என்றான் ஓட்டோக்காரன்.

"அதச் சொல்ல மாட்டன். அது ரகசியம்."

பெயரைச் சொல்லவில்லையே என்று எனக்குள் ஒரு பெருமிதம் வேறு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த ஒழுங்கைல குமர் இரிக்கிற ஊடு எத்தின? ஒண்டுதானே? இன்னும் என்ன பேரு சொல்லக் கெடக்கு உங்களுக்கு?"

ஸ்டாண்டுக்குத் திரும்ப ஓடினேன். ஓட்டோக்காரன் அதற்குள் குழுவில் குரல் போட்டுவிட்டான். கெட்ட எண்ணத்தில் அல்ல. எங்கட ஊர்ப்பிள்ளை, எங்கட பள்ளி மைக், உலகமே கேட்கிறது என்று பெருமையாகத்தான் போட்டிருந்தான். அழிக்கச் சொன்னேன். அழித்தான். அந்தக் குரல் அதற்குள் வேறு எத்தனையோ குழுவுக்குப் போய்விட்டது.

இரண்டு நாளில் கதை மாறிவிட்டது. ஜனாஸா அறிவித்தலை வைத்து ஒருத்தி டிஸ்கோ பாட்டுச் செய்திருக்கிறாள் என்றார்கள். வெளிநாட்டில் அதைப் போட்டுக் குடித்து ஆடுகிறார்களாம் என்றார்கள். கேட்டவர் ஒருவரும் இல்லை, பேசியவர்தான் எல்லாரும். அவள் பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்றார்களாம். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் போனை எடுக்கவில்லையாம். மோதினாரையும் விடவில்லை. மைக்கை ஏன் திறந்து வைத்தீர் என்று அந்த வயதான மனிதரை நிற்கவைத்துக் கேட்டார்கள். எங்கள் குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாட்டை அழித்துவிட்டு வெளியேறினார்கள். ஆசிரியர் மட்டும் எனக்குப் போன் எடுத்து, நீங்கள் போய் உண்மையைச் சொல்லலாமே, அதில் அறிவித்தல் இல்லையே என்றார். ஓம் என்றேன். போகவில்லை. போனால் என்னைத்தான் முதலில் கேட்பார்கள், உமக்கு எப்படித் தெரியும், எத்தனை தரம் கேட்டீர் என்று. எனக்குப் பள்ளி வேலை வேண்டும். பயம்தான், வேறொன்றும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் கடைக்கு வந்தார்கள். அவளுடைய தாய்மாமன் முன்னால் வந்தார். கையில் ஒரு லெப்டொப். பின்னால் அவளும் அவளுடைய உம்மாவும். தாய்மாமன் கடற்கரையில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறவர். நல்ல மனிதர், யாரையும் உயர்ந்த குரலில் பேசமாட்டார். சலாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"இதுக்குள்ள இரிக்கிறது எல்லாத்தையும் அழிக்கோணும். பள்ளியில பேசி முடிச்சாச்சி. அழிச்சிட்டா இதப் பத்தி இனி ஒருத்தரும் கதைக்கிறல்ல எண்டு பள்ளி நிர்வாகம் பாக்கிற மரைக்காயர்மார் வாக்குத் தந்திரிக்காங்க. உங்களுக்கு முன்னால அழிக்கச் சொன்னாங்க."

"எனக்கு முன்னாலயா? ஏன்?"

"நீங்கதானே கண்டுபுடிச்ச. நீங்க பாத்தன் எண்டு சொன்னா ஊர் நம்பும்."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உம்மா ஸ்டூலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தா.

அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, என் வாயிலிருந்து அது வந்தது. "ஹாஜியார், அதுல ஜனாஸா அறிவித்தல் இல்ல. நான் கேட்டிரிக்கன். அறிவித்தல் முடிஞ்ச பொறகு வந்த மைக் இரைச்சல்தான். ஒரு வார்த்தையும் இல்ல."

அவர் லெப்டொப்பை என் மேசையில் வைத்தார். "இத இப்ப சொல்றீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் வந்து இரகசியச் சொல்லை அடித்துவிட்டு மறுபடியும் வாசலுக்குப் போய்விட்டாள். இணையத்தில் இருந்ததை ஓட்டோவில் வரும்போதே அழித்துவிட்டதாக மாமன் சொன்னார். நான் உள்ளே பார்த்தேன். மூன்று வருடத்துச் சத்தம் நாள் நாளாக அடுக்கியிருந்தது. கடல், மழை, அடுப்பு, தையல் மெசின், பாலர் பாடசாலைப் பிள்ளைகள். வெளியே விட்டது ஒன்பதுதான், உள்ளே நாற்பதுக்கு மேல் இசை இருந்தது. இதை அழிக்க என் கை வரவில்லை. என் மேசையில் எப்போதும் ஒரு பென் ட்ரைவ் கிடக்கும். அதை எடுத்து, மாமன் பார்க்காத பக்கத்தில் செருகினேன். முதலில் இதில் ஏற்றிவிட்டு, பிறகு அழிப்போம், ஊர் அடங்கிய பிறகு ஒரு நாள் அவளிடமே கொண்டுபோய்க் கொடுப்போம் என்று நினைத்தேன். செய்த பாவத்துக்கு இதாவது பரிகாரம் என்று நினைத்தேன். மாமனுக்குக் கணினி தெரியாது. திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"நேரம் எடுக்குமா?" என்றார்.

"கொஞ்சம் எடுக்கும் ஹாஜியார். நெறைய இரிக்கி."

"அழிக்கிறதுக்கு இவ்வளவு நேரமா?"

"ஓம், ஓம்."

அவள் வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். பென் ட்ரைவைப் பார்த்தாள். அவள் விளங்கிக்கொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணால் அவளிடம் சொல்லப் பார்த்தேன், பேசாமல் இரு, உனக்காகத்தான் என்று. அவள் முகம் கொஞ்சமும் இளகவில்லை.

"மாமா, இவர் அழிக்கல்ல. கொப்பி எடுக்கிறார்."

மாமன் எழும்பிவிட்டார். "என்ன?"

"புள்ள, நான் உனக்குத்தான்..." என்று தொடங்கினேன். "ஒரு நாளைக்கு உன்ட கைல தரத்தான். நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். அல்லாஹ் மேல சத்தியமா ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

"நீங்களா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "மூணு வருஷமா எங்கெங்கயோ இரிக்கிற ஆக்கள் கேட்டாங்க காக்கா. நான் ஆரு எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. அது எங்கட ஊருக்கு வந்து ஒரு மாசம் ஆகல்ல, நீங்க தேடிப் புடிச்சிட்டீங்க. நீங்க நல்லாத்தான் கேட்டிரிக்கீங்க. நான் செஞ்சதுல என்ன பிழை எண்டும் கண்டுபுடிச்சிரிக்கீங்க. அந்த மண் விழுற சத்தம் எனக்குத் தெரியாதுதான். எங்கட வாப்பாக்கு மண் விழவே இல்லையே, நான் எங்க போய்க் கேக்கிற?"

வீதியில் ஒரு பஸ் போனது.

"வாப்பாட பேர் வாற பதிவும் அதுக்குள்ளதான் இரிக்கி" என்றாள். "அத நான் ஒருத்தருக்கும் விடல்ல. உம்மா வெள்ளிக்கிழமைல கேக்கிறது. அது உங்கட கைல இரிக்கிறத விட, இல்லாமப் போறது நல்லம்."

பென் ட்ரைவை அவளே பிடுங்கி மாமனின் கையில் கொடுத்தாள். கதிரையை விட்டு நான் எழும்பினேன். அவள் உட்காரவில்லை, நின்றபடியே குனிந்து எல்லாவற்றையும் தெரிவு செய்தாள். ஒரு தரம் கேட்டது, உறுதியா என்று. அழுத்தினாள். மூன்று வருடம் போக ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

உம்மாவின் விரலில் மணி நின்றுவிட்டது. அவ்வளவு நேரமும் வாய் திறக்காதவ அப்போதுதான் கேட்டா.

"அவர்ட பேரும் போயிட்டா மகள்?"

"ஓம் உம்மா" என்றாள்.